நீரிழிவும் உடலின் பொறையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் நம்மைப் பேசப் பணித்த செயலாளர், இலக்கியமாயினும் நாட்டு நடப்பாயினும் விருப்பம் போல் பேசலாம் என்றார். இலக்கியம் பேசுதற்கு நம்மினும் வல்லார் இவ்வவையில் பலர் உளர். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, ஒலவக்கோட்டுச் சரக்கு அலுவலகத்தில் ரயில் ரசீதும் கணக்குமாகக் காலந்தள்ளும் நாம், மருத்துவத்தைப் பற்றிப் பேச முன்வந்திருப்பது சிலர்க்கு நகைப்பாகத் தோன்றலாம். தோன்றினும் குற்றமில்லை. சென்ற மூன்றாண்டுகளாக நம் வீட்டில் ஒரு குழந்தை உண்ணும் ஒவ்வொரு கவளமும் கணக்கிடப்பட்டே உள்ளே செல்கிறது. அக்கணக்கு எதனால் வந்தது என்று அறியப் புகுந்து, மருத்துவர்களைக் கேட்டும், தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைத்தவற்றை அகராதியோடு மல்லுக்கட்டிப் படித்தும் தெரிந்துகொண்டவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

நம் தங்கையைத் தேவிகுளத்துக்கு அப்பாலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொடுத்திருக்கிறோம். ரயில்வேக்காரன் வீட்டுப் பெண்ணை ரயிலே ஏறாத இடுக்கி மாவட்டத்தில் கொடுத்தாயே என்று நம் தாயார் இறுதிவரை குறைபட்டுக்கொண்டார். அக்குறையின் பொருள் மூன்றாண்டுகளுக்கு முன்பு ஓர் ஆடி மாதத்தில்தான் நமக்கு முழுதும் விளங்கிற்று.

தங்கையின் மூத்த மகளுக்கு அப்போது வயது ஒன்பது. நள்ளிரவில் எழுந்து செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். என்றோ விட்டொழித்த பழக்கம் திரும்பி, படுக்கையை நனைத்தாள். சட்டை தோளில் நிற்கவில்லை. மழைக்காலம், பிள்ளைக்குக் குளிர் தாங்கவில்லை என்று வீட்டார் எண்ணினர். பின்பு வாந்தி தொடங்கவே, அருகிலிருந்த ஒரு மருந்தகத்துக்குத் தூக்கிச் சென்றனர். வயிற்றுக் கோளாறு என்று கூறி, குளுக்கோஸ் நீரை ஏற்றி அனுப்பிவிட்டனர். மறுநாள் விடியுமுன் குழந்தை நெடுமூச்சு வாங்கத் தொடங்கினாள். மூச்சில் பழுத்த பழத்தின் வாடை வீசிற்றாம். ஜீப்பு ஒன்றைப் பிடித்து, போடிமெட்டு வளைவுகளில் இறங்கி, கீழ்நாட்டு மருத்துவமனை ஒன்றில் சேர்த்தனர். அங்கே விரல் நுனியில் ஒரு சொட்டுக் குருதி எடுத்துக் கருவியில் வைத்தபோது, கருவி எண் எதனையும் காட்டாமல், தன் அளவுக்கு அப்பாற்பட்டது என்னும் குறியை மட்டும் காட்டிற்று. இரண்டு நாள் கழித்துக் குழந்தை கண் விழித்தாள்.

ஒரு சொட்டுக் குருதி! அந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் ஆகாது. முதல் நாளே அதனைச் செய்திருந்தால் அந்த ஜீப்புப் பயணமே இல்லை. தாய்மார்களே, அளவிறந்த தாகம், அடிக்கடி சிறுநீர், தின்றும் இளைத்தல், களைப்பு ஆகியவை ஒரு குழந்தையிடம் சேர்ந்து காணப்பட்டால், வேறு எதனையும் எண்ணுமுன் அந்த ஒரு சொட்டைச் சோதிக்கும்படி கேளுங்கள். நாம் சொல்ல வந்தது வேறு பல உண்டெனினும், இது ஒன்றை முன்னரே சொல்லி விடுகிறோம். உரையின் நடுவே தேநீர் வந்தால் எழுந்து செல்வோரும் இதனைக் கேட்டுவிட்டுச் செல்லலாம் அல்லவா?

குழந்தை இன்று நம் வீட்டிலிருந்து பள்ளிக்குச் செல்கிறாள். நாள்தோறும் நான்கு முறை ஊசி. சற்று முன் இம்மேடையில் கோலாட்டம் ஆடிய சிறுமியருள் அவளும் ஒருத்தி. எவள் என்று நாம் சொல்லப் போவதில்லை. சொல்லக்கூடாதென்று அவளே கேட்டுக்கொண்டாள். அறிந்தோர் அறிவர்.

இவளுக்குப் பின் ஒரு தம்பி உண்டு. வயது ஆறு. சென்ற பொங்கலுக்கு வந்திருந்தபோது நம் தங்கை கேட்டாள்: “அண்ணே, இவனுக்கும் வந்துருமா? வராம தடுக்க ஏதாச்சும் இருக்கா?” அக்கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்ட கதைதான் இவ்வுரை.

நம் காலனியில் நடுவயதைத் தாண்டியோருள் சர்க்கரை மாத்திரை உண்ணாதார் அரியர். அந்நோய் வேறு, இக்குழந்தைகளின் நோய் வேறு. பெரியோர்க்கு வரும் நீரிழிவில் இன்சுலின் பெரும்பாலும் சுரந்துகொண்டுதான் இருக்கும். உடல் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. நாளடைவில் சுரப்பும் தளரும். குழந்தைகளின் நோயிலோ இன்சுலின் சுரக்கும் அணுக்களே அழிந்துபோகின்றன. இனிப்பு தின்றதால் வந்தது என்று பக்கத்து வீட்டார் சொல்வது முழுப் பொய். தாய் தந்தையர் செய்த பிழையும் அன்று. நம் தங்கை பிள்ளைக்குக் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்ததை எண்ணி எண்ணி ஓராண்டு அழுதாள். அவ்வழுகைக்கு அடிப்படையே இல்லை.

இளவயதில் வருவன எல்லாம் ஒரே நோய் என்றும் கொள்ளற்க. கேரளத்தில் இளைஞர் சிலர்க்குக் கணையத்தில் கல் விளைந்து, அதனால் நீரிழிவு வருவதை டாக்டர் கீவர்கீஸ் 1960-களில் விரிவாக ஆராய்ந்து எழுதினார். மரவள்ளிக் கிழங்கே காரணம் என்று பல்லாண்டு பேசப்பட்டது. பின்னர் அக்கருத்து வலுவிழந்தது. ஊட்டக் குறைவோடு வரும் மற்றொரு வகையை வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினரும் அமெரிக்க அறிஞரும் ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டனர். 2025-இல் உலக நீரிழிவுக் கூட்டமைப்பு அதனை ஐந்தாம் வகை என்று ஏற்றது. இவை நிற்க. நாம் பேச வந்தது முதல் வகை.

கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால் கிடக்கும் ஓர் உறுப்பு. அதனுள் தீவுகளைப் போலச் சிதறிக் கிடக்கும் அணுக்கூட்டங்கள் ஏறத்தாழ பத்து லட்சம் உண்டு. அவற்றை 1869-இல் கண்டவர் லாங்கர்ஹான்ஸ் என்னும் ஜெர்மானிய மாணவர். எல்லாத் தீவுகளையும் ஒன்று சேர்த்து நிறுத்தாலும் கணையத்தின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கோ இரண்டு பங்கோதான். இன்சுலின் பிறப்பது அங்கேதான். அதனைப் பிரித்தெடுத்து மனிதர்க்குச் செலுத்தலாம் என்பதை 1921, 1922 ஆம் ஆண்டுகளில் டொராண்டோ நகரில் பான்டிங்கும் அவர்தம் கூட்டாளிகளும் நாய்களைக் கொண்டு கண்டறிந்தனர். அதற்குமுன் இந்நோய் கண்ட குழந்தை சில மாதங்களில், மிஞ்சினால் ஓரிரண்டு ஆண்டுகளில் இறப்பது உறுதி. அந்த நாய்களுக்கு நம் வீடும் கடன்பட்டது.

இனி, அத்தீவுகளை அழிப்பது யார்? கிருமியா, நஞ்சா? இல்லை. நம் உடலின் காவற்படையே அவற்றை அழிக்கிறது.

குருதியிலுள்ள வெள்ளை அணுக்களுள் ‘டி’ அணுக்கள் என்பன ஒரு பிரிவு. அவை பயிற்சி பெறுமிடம் நெஞ்செலும்பின் பின்னாலுள்ள தைமஸ் என்னும் சுரப்பி. நாம் வேலைக்குச் சேர்ந்தபோது திருச்சிப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டதை இங்குள்ளோர் மறந்திருக்க மாட்டீர்கள். தைமஸும் அத்தகைய பள்ளிதான்; ஆனால் தேர்வு மிகக் கடுமை. உடலின் சொந்தப் பொருளைக் கண்டு பாயும் அணு அங்கேயே மாய்க்கப்படுகிறது. அயலாரைக் கண்டால் மட்டும் பாயக்கூடியனவே வெளியே அனுப்பப்படுகின்றன. சொந்தப் பொருளை அடையாளங்கண்டு அதன்மேல் கை வைக்காதிருக்கும் இப்பண்புக்கு அறிஞர் இட்ட பெயரை நாம் பொறை என்று தமிழாக்கிக்கொள்கிறோம். எனினும் எந்தப் பள்ளியிலும் தேறக்கூடாதார் சிலர் தேறிவிடுவதுண்டு. யார்டில் வேலை செய்யும் நம் தோழரையே திருடன் என்று பிடிக்கும் காவலரைப் போல, அத்தகைய ‘டி’ அணுக்கள் கணையத்தீவுகளை அயலார் என்று கருதி முற்றுகையிடுகின்றன. முற்றுகை மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் அரவமின்றி நடக்கும். தாகமும் வாந்தியும் வரும்போது பெரும்பகுதி போய்விட்டிருக்கும்.

பொறை என்பது பிறவியிலே அமைந்து கிடப்பதன்று, கற்பிக்கப்படுவது என்பதை எப்படி அறிந்தனர்? இங்கேதான் விலங்குகள் வருகின்றன. அமெரிக்காவில் ஓவன் என்பவர் 1945-இல் இரட்டைக் கன்றுகளை ஆராய்ந்தார். கருவில் குருதிக்குழாய் இணைந்திருந்த கன்றுகள், வளர்ந்த பின்னும் ஒன்றன் குருதியணுவை மற்றொன்று தன் உடலில் பேணி வைத்திருந்ததைக் கண்டார். இதனைக் கொண்டு இங்கிலாந்தில் மெடவாரும் பில்லிங்காமும் பிரென்ட்டும் ஒரு சோதனை செய்து 1953-இல் வெளியிட்டனர். கருவிலிருக்கும் எலிக்குஞ்சுக்கு வேறோர் இனத்து எலியின் அணுக்களைச் செலுத்தினர். அக்குஞ்சு பிறந்து வளர்ந்தபின் அவ்வினத்து எலியின் தோலை அதன் மேல் ஒட்டியபோது, உடல் அதனை உதறித் தள்ளவில்லை. சிறு வயதில் பழகியதைச் சொந்தம் என்று அவ்வுடல் கற்றுக்கொண்டது. மெடவாருக்கு 1960-இல் நோபல் பரிசு கிடைத்தது. பொறையைக் கற்பிக்கலாம் எனில், கணையத்தை நோக்கிப் பாயும் அணுக்களுக்கும் கற்பிக்கலாகாதா என்னும் கேள்வி இயல்பாகவே எழுந்தது.

அதற்கு இந்நோய் தானாக வரும் விலங்கு ஒன்று வேண்டும். அது கிடைத்த வகை வேடிக்கையானது. ஜப்பானில் ஒசாகா நகரத்து ஷியோனோகி மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் சுண்டெலிகளை இரு வரிசையாகப் பிரித்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்தனர். ஒரு வரிசை சர்க்கரை மிகுந்தவற்றிலிருந்து. மற்றது சர்க்கரை சரியாக இருந்தவற்றிலிருந்து, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. நோய் வரும் என்று எதிர்பார்த்த வரிசையில் வரவில்லை. ஒப்பீட்டுக்கு வைத்திருந்த வரிசையில் இருபதாம் தலைமுறையில், 1974-இல், ஒரு பெண் எலி நீர் நீராகக் கழித்து, உடல் வற்றி நின்றது. அதன் வழித்தோன்றல்களே இன்று உலகெங்கும் ஆய்வகங்களில் ‘நாட்’ எலி என்று வழங்கும் எலிகள். 1980-இல் மகினோவும் அவர்தம் குழுவினரும் அதனை உலகுக்கு அறிவித்தனர். பருமனில்லாமலே நீரிழிவு காண்பது என்பது அப்பெயரின் பொருள். பிறந்து நாலைந்து வாரத்திலேயே வெள்ளையணுக்கள் அதன் கணையத்தீவுகளைச் சூழத் தொடங்குகின்றன. முப்பது வாரத்துக்குள் பெண் எலிகளுள் பெரும்பாலானவற்றுக்கு நோய் வெளிப்படுகிறது. ஆண் எலிகளுள் வருவன குறைவு.

முற்றுகைக்கும் வீழ்ச்சிக்கும் இடைப்பட்ட அந்த வாரங்களில் என்ன செய்தால் தீவுகள் தப்பும்? இதனை வினவாத ஆய்வகமில்லை எனலாம். அவற்றுள் நம் மனத்தைக் கவர்ந்தது ஒன்று. நாம் நாள்தோறும் சோறும் பருப்பும் உண்கிறோம். அவையும் அயற்பொருள்களே. அவற்றை எதிர்த்து நம் காவற்படை போர் தொடுப்பதில்லை. வாய்வழி சென்றதைப் பொறுத்துக்கொள்ளும் பழக்கம் குடலுக்கு உண்டு. எனவே 1991-இல் பாஸ்டன் நகரத்து ஆய்வாளர் ‘நாட்’ எலிகளுக்கு இன்சுலினை வாய்வழி ஊட்டினர். உண்ட இன்சுலின் செரித்துப்போகும், சர்க்கரையைக் குறைக்காது. அவர்கள் கருதியது மருந்தாக ஊட்டுவதன்று, பாடமாக ஊட்டுவது. ‘இது நம்முடையது, இதன்மேல் பாயாதே’ என்று குடல் வழியே காவலர்க்குச் சொல்லியனுப்புவது. பலித்தது. ஊட்டப்பட்ட எலிகளுள் நோய் கண்டவை குறைந்தன. கண்டவற்றுக்கும் காலந்தாழ்த்தே வந்தது.

இதனை முதன்முதல் படித்த இரவு நமக்கு உறக்கமே வரவில்லை. விடிந்ததும் தங்கைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டுமென்று துடித்தோம். நல்லவேளை, இல்லாள் தடுத்தாள். “எலிக்கு நடந்ததைச் சொல்லி ஏன் அவளை ஆசை காட்டுகிறீர்கள்? மனிதர்க்கு என்ன ஆயிற்று என்று முதலில் பாருங்கள்” என்றாள். மெட்ரிகுலேஷன்கூட எட்டாதவள் எனினும் கேட்ட கேள்வி பெரிது.

மனிதர்க்கு ஆகவில்லை. நோயாளிகளின் உறவினருள் நோய் வரும் குறியுடையோரைத் தேர்ந்து அமெரிக்காவில் இச்சோதனையை நடத்தினர். ஊசிவழி சிறிதளவு இன்சுலின் செலுத்தியதன் முடிவு 2002-இலும், 372 பேர்க்கு வாய்வழி கொடுத்ததன் முடிவு 2005-இலும் வெளிவந்தன. இரண்டும் நோயைத் தடுக்கவில்லை. ஒரு சிறு பிரிவினர்க்குச் சற்றுத் தாமதமானது போலத் தோன்றவே, 560 பேரைக் கொண்டு மீண்டும் செய்தனர். 2017-இல் வந்த முடிவும் மொத்தத்தில் ஏமாற்றமே.

எலிக்குப் பலித்தது மனிதர்க்கு ஏன் பலிக்கவில்லை? ‘நாட்’ எலியின் நோயைத் தடுக்கக் கண்டறிந்த வழிகள் நூற்றுக்கு மேற்பட்டவை. அத்தனை வழியில் தடுக்கக்கூடிய நோயாயின், தடுப்பதற்கு அது எளிய நோய் என்றுதானே பொருள்? அந்த எலிகள் யாவும் ஓரச்சில் வார்த்த செங்கற்கள். உடன்பிறப்போடு உடன்பிறப்பைச் சேர்த்து, பரம்பரைக் கூறுகள் எல்லாம் ஒன்றாகவே அமையும்படி வளர்த்தவை. மனிதரோ இரட்டையரைத் தவிர ஒருவர்போல் ஒருவர் இல்லை. எலிக்கு மருந்து தொடங்குவது முற்றுகையின் முதல் வாரங்களில். மனிதரில் முற்றுகையைக் கண்டுபிடிக்கும்போது நாள் கடந்திருக்கும். எலிக்குக் கொடுத்த அளவை மனித எடைக்கு ஏற்ப உயர்த்தினால் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதும் தீராத வழக்கு.

மற்றொன்றும் உண்டு. அந்த எலிகள் வாழும் கூடுகள் மாசற்றவை. கூடு தூய்மையாக இருக்க இருக்க, நோய் காணும் எலிகள் மிகுகின்றன. குடற்புழுவோ வேறு தொற்றோ பற்றிய கூட்டில் நோய் குறைகிறது! காவலர்க்குச் செய்யத்தக்க வேலை இருக்கும்போது வீட்டாரை அடிக்க நேரமிராது போலும். காசநோய்க்குப் போடும் பி.சி.ஜி. ஊசிகூட எலியின் நீரிழிவைத் தடுத்தது. ஆயின் நம் நாட்டில் பிறந்தவுடன் அந்த ஊசி போடப்பட்ட குழந்தைகளுக்கும் இந்நோய் வருகிறது. நம் மருமகளின் தோளிலும் அத்தழும்பு இருக்கிறது. ஆகவே, தூய்மையை விட்டால் நோய் தீரும் என்று எவரும் கொள்ளற்க. காலனிக் குப்பையை அள்ளாதிருப்பதற்கு நம் சுகாதாரக் குழுவினர் இதனைச் சான்று காட்டாதிருக்கவும் வேண்டுகிறோம்.

இங்ஙனம் ஒரு வழி அடைபட்டபோது மற்றொரு வழி திறந்தது. அதனை விளக்க நம் ஊர் யானைகளே போதும்.

2023 ஜனவரியில், நம் ஒலவக்கோட்டுக்குச் சில மைல் தொலைவிலுள்ள தோணியில் ஊரை அலைக்கழித்த பி.டி. ஏழு என்னும் காட்டானையைப் பிடித்ததை அறிவீர்கள். பிடித்தவர் மனிதரேயாயினும், அதனை இருபுறமும் நெருக்கி லாரியில் ஏற்றியவை கும்கிகள். கும்கியும் யானைதான், அதே உடல், அதே தந்தம், அதே வலிமை. யானையை அடக்குதற்குப் பழகிய யானை. நம் உடலிலும் அத்தகைய கும்கிகள் உண்டு என்று யாரும் முதலில் நம்பவில்லை.

பிறந்து மூன்று நாளான எலிக்குஞ்சின் தைமஸை அகற்றினால் காவற்படை தளரும் என்றே எதிர்பார்த்தனர். 1969-இல் ஜப்பானிய அறிஞர் இருவர் செய்து பார்த்தபோது மாறாக நடந்தது. எஞ்சிய அணுக்கள் எலியின் சொந்த உறுப்பையே தாக்கின. ஷிமோன் சகாகுச்சி என்னும் அறிஞர் இப்புதிரைப் பற்றிக்கொண்டார். நல்ல எலியிலிருந்து எடுத்த ‘டி’ அணுக்களைச் செலுத்தினால் அத்தாக்குதல் நிற்பதைக் கண்டார். அவ்வாறாயின் ‘டி’ அணுக்களுள்ளேயே மற்ற ‘டி’ அணுக்களை அடக்குவன உண்டு! அவற்றைத் தனியே அடையாளங்காட்ட அவர்க்கு 1995 வரை ஆயிற்று. அந்நாளில் இக்கருத்தைப் பொருட்படுத்தாதார் பலர். 2001-இல் மேரி பிரன்கோவும் பிரெட் ராம்ஸ்டெல்லும், பிறவியிலேயே தோல் செதிலாகி இறக்கும் ஒருவகை எலியின் குறை எந்த மரபுக்கூற்றில் உள்ளதென்று கண்டனர். அதே கூற்றில் குறையோடு பிறக்கும் ஆண் மகவுகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே நீரிழிவு வருகிறது. கும்கிகளை உருவாக்கும் கூறு அதுவே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 2025-இல் மருத்துவ நோபல் பரிசு இம்மூவர்க்கும் வழங்கப்பட்டது.

கும்கியைப் பற்றிச் சொன்னோம்; அரிக்கொம்பனையும் சொல்லவேண்டும். நம் தங்கையின் தோட்டத்துக்கு அண்மையிலுள்ள சின்னக்கானலில் 2023 ஏப்ரலில் அவனைப் பிடித்துப் பெரியாறு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மே மாதத்தில் அவன் கம்பம் நகரத் தெருவில் நடந்தான். காவற்படையை முற்றும் மயக்கிப்போடும் மருந்துகளின் கதையும் இதுவே. 1980-களில் பிரான்சில், மாற்றுறுப்புக்குக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்தைப் புதிதாக நோய் கண்டோர்க்குக் கொடுத்தனர். சிலர்க்கு ஊசியின் தேவையே நின்றது. மருந்தை நிறுத்தியவுடன் நோய் திரும்பிற்று. நிறுத்தாவிடில் சிறுநீரகம் கெட்டது. தூக்கிக் காட்டில் விடுவது ஒன்று, பழக்குவது வேறு.

பழக்குவதற்கு மிக அண்மையில் வந்தது 1994-இல் பாரிஸ் நகரில் சட்டெனூ அம்மையார் செய்த சோதனை. நோய் ஏற்கெனவே வெளிப்பட்டுவிட்ட ‘நாட்’ எலிகளுக்கு, ‘டி’ அணுவின் மேலுள்ள ஒரு பிடியைப் பற்றும் எதிர்ப்பொருளை ஐந்தே நாள் செலுத்தினர். பெரும்பாலானவற்றுக்குச் சர்க்கரை சீரடைந்து, அவ்வாறே நிலைத்தது. படை முழுதும் மயங்கிப்போயிற்றோ என்று ஐயுற்று, வேற்றினத் தோலை ஒட்டிப் பார்த்தனர். அதனை உடல் வழக்கம்போல் உதறிற்று. தன் கணையத்தீவையே ஒத்த தீவை வைத்தபோது ஏற்றுக்கொண்டது. அயலாரை எதிர்க்கும் வலிமை குன்றாமல், சொந்தத்தைப் பொறுக்கும் குணம் மட்டும் திரும்பியிருந்தது!

அதே வழிவந்த டெப்லிஜுமாப் என்னும் மருந்தை, நோய் இன்னும் வெளிப்படாத உறவினர் 76 பேரிடம் சோதித்து 2019-இல் முடிவு வெளியிட்டனர். பதினான்கு நாள் நரம்புவழி ஏற்றுவது. மருந்தில்லாதவருள் பாதிப்பேர்க்கு ஏறத்தாழ 24 மாதத்தில் நோய் வந்தது. மருந்து பெற்றவருள் பாதிப்பேர்க்கு வர 48 மாதம் ஆயிற்று. தடுத்துவிடவில்லை, தள்ளிப்போட்டது. அமெரிக்க அரசு 2022 நவம்பரில் எட்டு வயது நிறைந்தோர்க்கு இதனை ஒப்புக்கொண்டது. முதலில் அறிவித்த விலை ஒருவர்க்கு 1,93,900 டாலர். அதனை ரூபாயாக்கிக் கணக்கிட்டோம். கணக்கெழுதிப் பழகிய கையே சற்று நின்றுவிட்டது.

இரண்டாண்டுத் தாமதம் ஒரு பெரிதா என்று கேட்பீர்கள். நாள்தோறும் நான்கு ஊசியெனில் ஈராண்டுக்கு மூவாயிரத்துக்கு அருகில். ஏழு வயதில் தொடங்குவதும் ஒன்பது வயதில் தொடங்குவதும் ஒன்றல்ல என்பதை அந்த ஊசியைப் பிடித்தவரே அறிவர். நம் மருமகள் தன் கையாலேயே போட்டுக்கொள்ளக் கற்ற நாளில் நாம் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டோம்.

தங்கைக்கு நாம் சொன்ன விடை இதுதான். மேனாட்டுக் கணக்கில், இந்நோய் கண்ட குழந்தையின் உடன்பிறப்புகளுக்கு வருவது நூற்றுக்கு ஐந்தாறு பேர்க்குத்தான், மற்றையோர்க்கு வருவதில்லை. வருமா என்பதை ஓரளவு முன்னரே அறிய ஒரு குருதிச் சோதனை உண்டு. கணையத்தீவை எதிர்க்கும் எதிர்ப்பொருள்களுள் நான்கைத் தேடுவார்கள். இரண்டோ மேலோ காணப்படும் குழந்தைகளுள் நூற்றுக்கு எழுபது பேர்க்குப் பத்தாண்டுக்குள் நோய் வருகிறது. ஒன்று மட்டும் காணப்பட்டால் பதினைந்து பேர்க்கு. தடுக்கும் மருந்து கைக்கு எட்டாதபோது அறிந்து என்ன பயன் என்று மைத்துனர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஜெர்மனியின் பவேரியா நாட்டில் 2015 முதல் சிறு குழந்தைகளை இவ்வாறு சோதித்து வருகின்றனர். முன்னறிந்த குழந்தைகள் பின்பு நோய் காணும்போது, நெடுமூச்சு வாங்கி மயங்கிய நிலையில் வருவது மிகவும் குறைந்துவிட்டது. போடிமெட்டு வளைவில் நள்ளிரவு ஜீப்பு வேண்டாம் என்பதே அதன் பயன்.

இதற்கிடையில் சந்தைக்கு வந்த ஒருவர், வேர்ப்பொடி ஒன்றைக் கொடுத்து ஊசியை நிறுத்திவிடலாம் என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறார். எலிக்குப் பொறை கற்பித்த அறிஞர் எவரும் இன்சுலினை நிறுத்தச் சொல்லவில்லை. முதல் வகை நோயில் இன்சுலினை நிறுத்துவது சில நாட்களில் உயிரைப் போக்கும். இது குறித்துத் தங்கையிடம் நாம் சற்றுக் கடிந்தே பேசினோம், பின்பு வருந்தினோம். ஆசைப்படுவோரை அல்ல, ஆசையை விற்போரையன்றோ கடியவேண்டும்?

கேரள அரசின் சமூகப் பாதுகாப்பு மிஷன் இக்குழந்தைகளுக்காக நடத்தும் திட்டத்தின் பெயர் ‘மிட்டாயி’. அதன்வழி இன்சுலினும் அதற்கான கருவிகளும் குழந்தைகளுக்கு உதவியாகக் கிடைக்கின்றன. பெயரைக் கேட்டு நம் மருமகள் முதலில் சினந்தாள், பிறகு சிரித்தாள். மலைத்தோட்டங்களில் உள்ள நம்மவர் பலர்க்கு இத்திட்டம் இருப்பதே தெரியாது. மூணாற்றிலும் பீருமேட்டிலும் உறவுடையோர் இங்குப் பலர் இருக்கிறீர்கள்; அடுத்த முறை பேசும்போது ஒரு சொல் சொல்லுங்கள். நம் சங்கம் இவ்வாண்டு குழந்தைகள் கூடும் ஏதேனும் ஒரு நாளில், விரல்நுனிக் கருவி ஒன்றைக் கொண்டுவந்து வைக்கவேண்டுமென்று செயற்குழுவை வேண்டுகிறோம். கருவிக்குரிய பணத்தை நாமே தருகிறோம்.

சிறுவனுக்குச் சோதனை செய்தாயிற்று. சித்திரை விடுமுறையில் அழைத்து வரச் சொல்லி, கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய்க் குருதி கொடுத்தோம். வாளையாறு தாண்டும்போது யானை தெரிகிறதா என்று வழியெல்லாம் சன்னலைவிட்டு முகத்தை எடுக்கவில்லை அவன். பத்து நாளில் முடிவு வந்தது. நான்கில் ஒன்று இருக்கிறது, மூன்று இல்லை. சர்க்கரை சரியாக இருக்கிறது. ஒன்று மட்டும் இருப்பது சில குழந்தைகளுக்குத் தானே மறைவதும் உண்டு, அடுத்த ஆண்டு மீண்டும் பார்ப்போம் என்றார் மருத்துவர். தங்கையிடம் இதனை நாம் தொலைபேசியில் சொல்லவில்லை. விடுப்பெடுத்து, பேருந்தேறி, தேவிகுளம் போய் நேரில் சொன்னோம். அவள் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, “அப்ப வர்ற சித்திரைக்குக் கூட்டியாரேன் அண்ணே” என்றாள்.